வித்யார்த்தி பவனில் தோசை சாப்பிடப் போகிறீர்களா?

பெங்களூரு பசவனகுடியில், காந்தி பஜார் தெருவில் இருக்கிறது வித்யார்த்தி பவன். 1943-இல் அக்கம்பக்கத்து மாணவர்களை நம்பித் தொடங்கிய சைவச் சிற்றுண்டிக் கடை. பெயரும் அப்படி வந்ததுதான். முதல்முறை போகிறவர்கள் தடுமாறுவது ஒரே விஷயத்தில். இங்கே தோசை ஒன்றொன்றாக வார்ப்பதில்லை. பெரிய கல்லில் வரிசையாக ஊற்றி, நெய்விட்டு, ஈடு ஈடாக எடுக்கிறார்கள். அந்த ஈட்டுக்கு ஏற்றபடி நாம் நடந்துகொண்டால் நல்ல தோசை கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை கடை விடுமுறை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதை மறந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள். காலை 6.30-க்குத் திறந்து நண்பகலுக்குள் மூடிவிடுவார்கள். மறுபடி திறக்க மதியம் இரண்டு, இரண்டரை ஆகும். வார நாளில் காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் காத்திருப்பு குறைவு. ஞாயிறு எட்டரைக்குப் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கன்னட நாட்காட்டியின் கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று பக்கத்தில் கடலைக்காய்ப் பரிஷை என்னும் நிலக்கடலைத் திருவிழா நடக்கும். தோசைக்காக மட்டும் வருகிறீர்கள் என்றால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

மெஜஸ்டிக் மெட்ரோவில் பச்சைத் தடத்தில் தெற்கே போகும் வண்டி ஏறினால் மூன்றாவது நிறுத்தம் நேஷனல் காலேஜ். அங்கிருந்து கால் மணி நடை. காரில் வந்தால் வண்டி நிறுத்த இடம் தேடியே பசி ஆறிப்போகும்.

வாசலில் வெறுமனே நின்றுகொண்டிருந்தால் யாரும் கூப்பிடமாட்டார்கள். பெயரையும் ஆள் கணக்கையும் எழுதுகிறவரிடம் முதலில் போங்கள். எத்தனை பேர் என்று கன்னடத்தில் "எஷ்டு ஜன?" என்பார். இரண்டு பேர் என்றால் "இப்பரு", மூன்று பேர் என்றால் "மூரு ஜன". பெயர் கொடுத்தபின் காது கேட்கும் தூரத்திலேயே இருங்கள். பூக்கடைப் பக்கம் போனவர்கள் முறையைத் தவறவிடுகிறார்கள். மேசையை முன்பின் தெரியாதவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். ஆறு பேராகப் போய் ஒரே மேசைதான் வேண்டும் என்று நின்றால் காத்திருப்பு நீளும். மூன்று மூன்றாகப் பிரிந்துகொள்ளுங்கள்.

உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். பரிமாறுகிறவர் பல மேசைகளின் கணக்கை மனதில் வாங்கிக்கொண்டு உள்ளே போவார். திரும்பி வரும்போது பார்க்க வேண்டும்: வேட்டி கட்டிய மனிதர், ஒற்றைக் கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை தட்டின் மேல் தட்டாகப் பத்துக்கும் மேற்பட்ட தோசைகள். மறுகையால் ஒவ்வொன்றாக உருவி மேசையில் வைத்துக்கொண்டே போவார். அவர் சுமையோடு வரும் வழியில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள், எழுந்து நின்று படம் எடுக்காதீர்கள். இரண்டாவது தோசை வேண்டும் என்றால் முதலாவது பாதியில் இருக்கும்போதே "இன்னொந்து மசாலெ தோஸெ" என்று சொல்லிவிடுங்கள். தட்டு காலியானபின் சொன்னால் அடுத்த ஈடு வரும்வரை வெறும் தட்டுதான்.

தோசை அரைவட்டமாக மடித்து வரும். நம்மூர் நெய் ரோஸ்ட் போல மெல்லிசாக இருக்காது. வெளியே செம்பழுப்பாக மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. இதற்குச் சாம்பார் கிடையாது, தண்ணீராக ஓடும் சட்னிதான். சாம்பார் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், இந்தக் கனத்துக்கு அந்தச் சட்னிதான் பொருத்தம். ஆனால் மேலே ஊற்றவிட்டால் இரண்டே நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும். "பக்கதல்லி ஹாகி" என்று சொல்லித் தட்டோரத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விளிம்பை முதலில் சட்னி இல்லாமல் பிட்டுத் தின்னுங்கள். நடுப்பகுதியை மசாலாவோடு சட்னியில் தோய்த்து எடுங்கள்.

நெய் தாராளம் என்பதால் பலருக்கு ஒன்றரை தோசையிலேயே வயிறு நிறைந்துவிடும். இருவர் போனால் இரண்டு தோசை, பகிர்ந்துகொள்ள ஒரு ரவா வடை, ஒரு கேசரி பாத், கடைசியில் காபி. இந்த அளவு சரியாக இருக்கும்.

தோசையைப் பார்சல் வாங்க வேண்டாம். பொட்டலத்துக்குள் ஆவி அடைந்து, வீடு போய்ச் சேர்வதற்குள் துவண்டுவிடும். வீட்டில் யாருக்காவது கொண்டுபோக வேண்டும் என்றால் ரவா வடை வாங்குங்கள், அது ஆறினாலும் தாங்கும்.