முகச் சுருக்கத்துக்கு ஊசியா, அறுவை சிகிச்சையா: முடிவெடுக்கும் முறை

தோல் மருத்துவரிடம் செல்வதற்கு முன் பகல் வெளிச்சம் விழும் ஜன்னலருகே கண்ணாடியுடன் உட்கார்ந்து, உங்களை உறுத்துவது எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். புருவத்தைச் சுளிக்கும்போது மட்டும் கோடு விழுந்தால் அது தசையின் வேலை. முகம் சும்மா இருக்கும்போதும் கோடு நின்றால் தோலிலேயே மடிப்பு படிந்துவிட்டது. கன்னம் ஒட்டிப்போனதற்குப் பெரும்பாலும் அடியிலுள்ள கொழுப்பு குறைந்ததே காரணம். மேல் இமைத் தோல் விரலால் கிள்ளிப் பிடிக்கும் அளவுக்குத் தொங்கினால், அந்த மிகுதியை எந்த ஊசியாலும் களைய முடியாது.

தசைக் கோட்டுக்குரியது போடாக்ஸ் என்னும் ஊசி மருந்து. தசையைச் சுருங்கச் சொல்லி நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளிவராமல் தடுத்து, தசையை அது தளர்த்துகிறது. புருவ இடைக் கோடுகளுக்கு அமெரிக்காவில் 2002இல் அனுமதி பெற்ற இம்மருந்தை, ஐந்து இடங்களில் மொத்தம் 20 யூனிட் செலுத்துவது வழக்கம். பலன் சில நாள்களில் தொடங்கி இரண்டு வாரத்தில் முழுமையடையும். மூன்று, நான்கு மாதங்களில் மறையும். ஆகவே கல்யாணத்துக்கு முந்தைய நாள் முதன்முறையாகப் போட்டுக்கொள்வதில் பொருளில்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

குழிவை நிரப்பும் ஃபில்லரில்தான் அதிக எச்சரிக்கை தேவை. ஹயலூரானிக் அமில ஃபில்லரை ஹயலூரானிடேஸ் என்னும் மருந்தால் கரைத்துவிடலாம். எல்லா ஃபில்லரையும் அப்படிக் கரைக்க இயலாது. ஃபில்லர் தவறி இரத்தக் குழாயை அடைத்தால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே பறிபோகலாம் என்பதால், "கரைக்கும் மருந்து இங்கே இருப்பில் உள்ளதா?" என்பதுதான் விலைக்கும் முன்னால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம். அழகு நிலையமாக இருந்தால் கேட்காமலே எழுந்து வந்துவிடுங்கள். போட்டபின் தோல் வெளுத்தாலோ, கடும் வலி எடுத்தாலோ, பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தொங்கும் மேல் இமைக்கு அறுவை சிகிச்சையே நேர்வழி. பெரும்பாலும் அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, இமையின் இயற்கை மடிப்பிலேயே கீறுவதால் தழும்பு அதில் மறைந்துவிடும். தையலை ஏறக்குறைய ஒரு வாரத்தில் பிரிப்பார்கள், வீக்கமும் கன்றலும் வடிய இரண்டு வாரமாவது ஆகும். கண் வறட்சி உண்டென்றால் முன்பே சொல்லுங்கள். ஆஸ்பிரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். புகைப்பவருக்குக் காயம் தாமதமாகவே ஆறும்.

தோலில் படிந்துவிட்ட மடிப்புக்குச் செய்யும் லேசருக்கும் அமிலப் பூச்சுக்கும் நம்மைப் போன்ற மாநிறத்தவரும் கருநிறத்தவரும் அவசரப்படக் கூடாது. சூடோ அமிலமோ பட்ட இடம் கறுத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கக்கூடும். காதுக்குப் பின்னால் ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்வது உங்கள் உரிமை. பழைய காயத் தழும்பு ஏதேனும் தடித்து வளர்ந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். செலுத்திய மருந்தின் பெயர், அளவு, தொகுதி எண் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே பணத்தைக் கட்டுங்கள்.