கோல்ட் ஏர் இன்டேக்: மாட்டும்போது சறுக்கும் இடங்கள்

பானட்டைத் திறந்தால் பளபளவென்று ஒரு அலுமினியக் குழாய், முனையில் சிவப்பாகக் கூம்பு ஃபில்டர். கம்பெனி ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, இன்ஜினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றைக் கொண்டுபோக மாட்டும் கோல்ட் ஏர் இன்டேக் இதுதான். பார்க்க ஜோராகத்தான் இருக்கும். அந்த ஃபில்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். பல கார்களில் அது ரேடியேட்டருக்குப் பின்னால், இன்ஜினை ஒட்டி, வெந்நீர் அண்டா பக்கத்தில் குந்தியது போல இருக்கும். பெயர்தான் கோல்ட் ஏர். இழுப்பதெல்லாம் அனல்.

பெரிய தவறு இதுதான். காற்றின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். அந்த அளவுக்கு இன்ஜினுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனும் குறையும். கம்பெனியில் வந்த கறுப்பு பிளாஸ்டிக் ஃபில்டர் பெட்டியை நாம் ஏளனமாகப் பார்க்கிறோம். பெரும்பாலான கார்களில் அதன் மூக்கு முன் கிரில் பக்கமோ ஹெட்லைட் ஓரமோ நீண்டு, வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. அதைக் கழற்றிவிட்டுத் திறந்த ஃபில்டரை, இன்ஜின் சூட்டைத் தடுக்கும் தகடு இல்லாமல் மாட்டினால், காசு கொடுத்துச் சூட்டை வாங்கியதாகிவிடும். சந்தேகமா? ஓபிடி போர்ட்டில் (காரின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் சாக்கெட்) செருகும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கி, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரே ரோட்டில், ஒரே நேரத்தில் ஓட்டி, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். சிக்னலில் நிற்கும்போது என்ன காட்டுகிறது என்பதையும் பாருங்கள். நம் ஊர் டிராஃபிக்கில் அதுதான் நிஜ நிலவரம்.

அடுத்தது, உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கும் கார்கள். அதற்குள் மின்சாரத்தால் சூடேறும் மெல்லிய கம்பியோ தகடோ இருக்கிறது. போகிற காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்து, எவ்வளவு பெட்ரோல் விடலாம் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு பழைய குழாயின் விட்டத்துக்கு எழுதப்பட்டது. ‘பெருசா இருந்தா நல்லதுதானே’ என்று அகலமான குழாய் மாட்டினால், கம்பியைத் தாண்டும் காற்றின் வேகம் குறைந்து, காற்றே குறைந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். பெட்ரோலும் குறையும். செக் இன்ஜின் விளக்கு எரிந்து பி0171 என்ற பிழைக் குறியீடு (காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்) வந்தால் பாதிக் கதை இதுதான். உங்கள் காரின் மாடலுக்கென்றே செய்த கிட்டாக வாங்குங்கள். சென்சாரில் உள்ள அம்புக்குறி த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்றைத் திறந்து மூடும் வால்வு) பக்கம் பார்க்க வேண்டும். சின்ன ரப்பர் ஓ-ரிங்கைப் பழைய பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள்.

மீதிக் கதை எண்ணெய். பருத்தி ஃபில்டர்கள் பெரும்பாலும் எண்ணெய் தடவித்தான் வரும். அதற்கு மேல் நாமும் தாராளமாக ஊற்றினால், அது பறந்து போய் அந்தக் கம்பியில் ஒட்டும். ஒட்டிவிட்டதா? அந்தச் சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரே மட்டும் போதும். துணி, பட்ஸ், கம்ப்ரஸர் காற்று எதுவும் வேண்டாம்.

என் சொந்தக் கூத்து ஒன்று. பழைய பெட்டியோடு பெருவிரல் மொத்தத்தில் ஒரு ரப்பர் ஓஸ் வந்தது. புதுக் குழாயில் அதற்கான நிப்பிளை மூடி போட்டு அடைத்திருந்தார்கள். சரி, தேவையில்லை போல என்று ஓஸை ஒரு ஓரமாக டை போட்டுக் கட்டிவிட்டேன். ஐடில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்க, மூன்று நாள் ஸ்பார்க் பிளக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது இன்ஜினுக்குள் சேரும் ஆவி, புகையை வெளியேற்ற உதவும் பிரீதர் ஓஸ். சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் அது சேர வேண்டும். திறந்து கிடந்தால் கணக்கில் வராத காற்றும், வடிகட்டாத தூசும் அதன் வழியே உள்ளே போகும்.

கிளாம்ப்பை மூச்சைப் பிடித்து இறுக்க வேண்டாம், சிலிக்கான் கிழியும். குழாய்க்கும் பானட்டுக்கும் இடைவெளி தெரிய, பிள்ளைகள் விளையாடும் களிமண் உருண்டையைக் குழாய் மேல் வைத்துப் பானட்டை மூடித் திறந்து பாருங்கள். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது இன்ஜின் சாயும். அதற்கும் இடம் வேண்டும். த்ராட்டில் வாயில் தூசு விழாமல் செருகிய துணியை எடுத்தீர்களா?

சில கிட்களில் ஃபில்டர் பம்பருக்குள் கீழே இறங்கும். அங்கேதான் நிஜமாகவே குளிர்ந்த காற்று இருக்கிறது. சென்னையில் ஐப்பசி மழைக்கு சப்வேயில் தேங்கும் தண்ணீரும் அதே உயரத்தில்தான் நிற்கிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் புகுந்தால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளையும். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு வெளியே வாருங்கள். இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் கவர் இல்லாத பாலிசியில் இந்தச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான். இன்டேக் மாற்றியதை இன்சூரன்ஸ்காரரிடம் முன்பே சொல்லிவிடுவதும் நல்லது.

கழற்றிய பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். என்னுடையது திருகுகளோடு ஒரு பையில் பரணில் இருக்கிறது. அக்டோபர் பிறந்தால் கீழே இறங்கும், பொங்கல் கழிந்து மறுபடி மேலே போகும்.