பார்ட்டிஷனை நகர்த்திய பின் லினக்ஸ் பூட் ஆகவில்லையா? செய்யக்கூடாத சில தவறுகள்

டிஸ்க்கைப் பிரிக்கும் மென்பொருளான ஜிபார்ட்டெட்டில் ஒரு பார்ட்டிஷனின் (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி) தொடக்கத்தை நகர்த்தப் போனால், கணினி பூட் ஆகாமல் போகலாம் என்று அதுவே எச்சரிக்கும். யார் படிக்கிறார்கள்? லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரலான கிரப் திணறி, கருந்திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' வந்து நின்றதும் பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுகிறவர்கள்தான் அதிகம். தேவையே இல்லை. நகர்த்தும் வேலை ஒழுங்காக முடிந்திருந்தால் கோப்புகள் பத்திரமாகவே இருக்கும்.

முதலில் பூட் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கிரப் மெனு வந்து, கர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) ஓடி, ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் விழுகிறதா? அப்படியானால் கிரப்பைத் தொடாதீர்கள். பூட் ஆகும்போது எந்தெந்தப் பார்ட்டிஷன்களை இணைப்பது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், இப்போது டிஸ்க்கில் இல்லாத ஏதோ ஒரு பார்ட்டிஷனின் பெயர் பெரும்பாலும் இருக்கும். வெறுமனே நகர்த்தினால் யுயுஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) மாறாது. ஃபார்மேட் செய்து கோப்புகளை நகலெடுத்திருந்தால் மாறிவிடும். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்தினால் போதும். இதில் பலரும் மறப்பது ஸ்வாப் (ரேம் போதாதபோது கைகொடுக்கும் பார்ட்டிஷன்). அதை அழித்துப் புதிதாக உருவாக்கினால் அதற்கும் புது எண்தான்.

கிரப் ரெஸ்க்யூவில் நின்றால் கதை வேறு. பயாஸ் என்ற பழைய முறையில் பூட் ஆகும் கணினிகளில் கிரப்பின் ஒரு பகுதி டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும்; மீதியை எந்த பார்ட்டிஷனில் தேடுவது என்பது அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும். பெரிய பார்ட்டிஷன் ஒன்றுக்குள் பிரித்த லாஜிக்கல் பார்ட்டிஷன்களில் 5-ஐ அழித்தால் 6-ஆவது 5 ஆகிவிடும், கிரப்போ இன்னும் 6-ஐயே தேடிக்கொண்டிருக்கும். ரெஸ்க்யூ திரையிலேயே சரியான பார்ட்டிஷனைக் காட்டி, மெனுவைக் காட்டும் நார்மல் மாட்யூலை ஏற்றினால் மெனு வந்துவிடும். ஆனால் அது அந்த ஒரு முறைக்குத்தான். உள்ளே போனதும் கிரப்பை மறுபடி நிறுவும் கிரப்-இன்ஸ்டால் கட்டளையைக் கொடுக்காமல் விட்டால் அடுத்த முறையும் அதே கருந்திரை.

அந்தக் கட்டளையிலும் ஒரு பொறி உண்டு. பயாஸ் கணினியில் முழு டிஸ்க்கின் பெயரை, அதாவது எஸ்டிஏ என்று கொடுக்க வேண்டும். எஸ்டிஏ1 என்று பார்ட்டிஷனைக் கொடுக்கக்கூடாது. லைவ் யுஎஸ்பியிலிருந்து (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் யுஎஸ்பி) செய்கிறீர்கள் என்றால், லினக்ஸ் நிறுவியிருக்கும் ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து (ஒரு ஃபோல்டரோடு இணைத்து), டெவ், ப்ராக், சிஸ் என்ற மூன்று சிஸ்டம் ஃபோல்டர்களையும் அதற்குள் பைண்ட் செய்த பிறகே சிஎச்ரூட் கட்டளையால் அந்த லினக்ஸுக்குள் போக வேண்டும். பூட், இஎஃப்ஐ பார்ட்டிஷன்கள் தனியாக இருந்தால் அவற்றையும் மவுண்ட் செய்யுங்கள். பூட்டை மவுண்ட் செய்யாமல் விட்டுவிட்டால், அப்டேட்-கிரப் கட்டளை உருவாக்கும் புது மெனு கோப்பு ரூட்டுக்குள் இருக்கும் வெறும் பூட் ஃபோல்டரில் போய் உட்காரும். கட்டளை பிழை எதுவும் சொல்லாது, மெனு மட்டும் மாறாது.

பயாஸுக்குப் பின் வந்த புதிய முறையான யுஇஎஃப்ஐ கணினியில் லைவ் யுஎஸ்பியையும் யுஇஎஃப்ஐ முறையிலேயே பூட் செய்ய வேண்டும். சிஸ் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இல்லாவிட்டால் நீங்கள் பயாஸ் முறையில் வந்திருக்கிறீர்கள். ரீஸ்டார்ட் செய்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பயாஸ் கணினியில் ஜிபிடி (புதிய வகை பார்ட்டிஷன் அட்டவணை) டிஸ்க் வைத்திருப்பவர்கள், எந்த ஃபைல் சிஸ்டமும் இல்லாமல் 1 எம்பி அளவில் ஒரு பார்ட்டிஷன் இருந்தால் வீணாகக் கிடக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். கிரப் குடியிருப்பது அங்கேதான்.

டிடி கட்டளையால் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்தவர்கள் பழையதைக் கழற்றிவிட்டு பூட் செய்யுங்கள். இரண்டிலும் ஒரே யுயுஐடி இருப்பதால், எது மவுண்ட் ஆகும் என்று சொல்லவே முடியாது.