குடோனை விற்கும் முன்: வடசென்னை உரிமையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வட்டாரத்தில் பூட்டிய இரும்புக் கதவுகளுக்குப் பஞ்சமில்லை. துறைமுகத்தையும் ஜார்ஜ் டவுன் மொத்த வியாபாரத்தையும் நம்பி எழுந்த குடோன்கள் அவை. சரக்கு கண்டெய்னரில் ஏறி மணலி, மாதவரம், செங்குன்றம் பக்கம் போன பிறகு பல இடங்களில் புறாக்கள்தான் குடியிருக்கின்றன. இப்போது அந்தக் கதவுகளை ஆட்கள் தட்டுகிறார்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. மாதவரத்திலிருந்து பெரம்பூர், அயனாவரம் வழியாக இரண்டாம் கட்டப் பணி நடக்கிறது. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. 1996-இல் மூடப்பட்ட பின்னி துணி ஆலையின் நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்ததைப் பார்த்தவர்களுக்கு, பாட்டனார் விட்டுச்சென்ற குடோனும் ஒரு பின்னி ஆலையாகத் தெரியத் தொடங்கிவிட்டது.

ஆசையில் தவறில்லை. ஆனால் வாங்க வருபவர் உங்கள் குடோனை வாங்குவதில்லை. அந்த நிலத்தில் சட்டப்படி எத்தனை சதுர அடி கட்டலாம், எவ்வளவு காலத்தில் கட்டலாம் என்ற கணக்கைத்தான் வாங்குகிறார். அந்தக் கணக்கை அவர் போட்டுவிட்டு வருகிறார், விற்பவர் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே முளைக்கின்றன.

பக்கத்து மனை விலையைத் தன் விலையாக எண்ணுவது

"மெயின் ரோட்டில் கிரவுண்டு இவ்வளவுக்குப் போனதாம்" என்று கேள்விப்பட்டதை வைத்து விலை சொல்வது எல்லோரும் செய்வது. மெயின் ரோட்டு மனைக்கும் உள்தெருக் குடோனுக்கும் ஐம்பது அடி தூரம்தான் இருக்கும், விலை வேறு உலகம். காரணம் சாலையின் அகலம்.

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, வீட்டுக்கோ வணிகத்துக்கோ கட்டும் சாதாரண உயரக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது நிலப்பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். சாலை 18 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் உயரமான கட்டடம் எழுப்பி 3.25 வரை போகலாம். உங்களிடம் 30,000 சதுர அடி, அதாவது பன்னிரண்டரை கிரவுண்டு இருக்கிறது என்று வையுங்கள். குறுகிய தெருவில் அது 60,000 சதுர அடிக் கட்டடம். அறுபதடிச் சாலையில் அதே நிலம் 97,500 சதுர அடி. கட்டணம் செலுத்திக் கூடுதல் பரப்பு வாங்கும் வசதியும் சாலை அகலத்தைப் பொறுத்தே 30, 40, 50 விழுக்காடு என்று ஏறுகிறது. உங்கள் வாசலில் மட்டும் டேப் பிடித்துப் பார்த்தால் போதாது. அந்த அகலம் பெரிய சாலை வரை தொடர்கிறதா, நடுவில் யாராவது திண்ணை கட்டிச் சுருக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வாங்குபவரின் கட்டடக்கலைஞர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நிலம் 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது சுமார் பதின்மூன்றரை கிரவுண்டுக்கு மேல் போனால், திறந்தவெளி ஒதுக்கீடு என்று 10 விழுக்காடு கேட்பார்கள். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்ட வழியுண்டு. எப்படியானாலும் அந்தச் செலவை வாங்குபவர் உங்கள் விலையில்தான் கழிப்பார்.

நில வகைப்பாட்டையும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் திட்டத்தில் சர்வே எண் போட்டுப் பார்த்துவிடுங்கள். தொழிற்சாலைப் பகுதி என்று இருந்தால், வகைப்பாட்டை மாற்றாமல் குடியிருப்பு வராது. "பக்கத்தில் எல்லோரும் கட்டுகிறார்களே" என்பது பதிலாகாது. கடலிலிருந்து 500 மீட்டருக்குள்ளோ, அலையேற்றம் எட்டும் கால்வாயை ஒட்டியோ இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கேள்வியும் சேர்ந்துகொள்ளும். ராயபுரத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பீரோவில் பத்திரம் இருப்பதாலேயே உரிமை சுத்தம் என்று நம்புவது

குடோன்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வீடு அப்பா பெயரில் இருக்கும், குடோன் "அண்ட் சன்ஸ்", "அண்ட் கோ" என்று கூட்டு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். நிறுவனம் எப்போதோ கலைந்துபோயிருக்கும், கலைப்புப் பத்திரம் எழுதியிருக்கமாட்டார்கள். பங்குதாரர்களில் ஒருவர் வாரிசுகளோடு சூரத்திலோ கொழும்பிலோ இருப்பார். விலை பேசி முடித்த பிறகு அந்த வாரிசுகளைத் தேடப் போனால், அவர்கள் சொல்லும் விலைதான் விலை.

குடும்பச் சொத்தாக இருந்தால் பெண் பிள்ளைகளின் கையெழுத்தை மறந்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-இலேயே பங்கு கொடுத்தது, 2005-இல் நாடு முழுவதும் அது சட்டமானது. "தங்கைக்குக் கல்யாணத்தில் சீர் செய்தாயிற்று" என்பதை எந்த வங்கியின் வழக்கறிஞரும் ஏற்கமாட்டார். தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக அவர் எழுதித் தரும் விடுதலைப் பத்திரம் வேண்டும், அல்லது விற்பனைப் பத்திரத்தில் அவரும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் தன் சார்பில் கையெழுத்திடப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுத்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, அது இங்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுவார்கள். இணையத்தில் ஏறாத பழைய பதிவுகளுக்குக் கையால் தேடும் வில்லங்கம் தனியாகக் கேட்க வேண்டும். பத்திரத்தில் உள்ள பரப்பும் நகர நில அளவைப் பதிவேட்டில் உள்ள பரப்பும் பொருந்துகிறதா என்று முன்கூட்டியே சர்வேயரை வைத்து அளந்துகொள்ளுங்கள். இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் பணம் வரும்.

நிலம் உங்களுடையதுதானா என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்வதும் நல்லது. பழைய சென்னையில் கட்டடம் ஒருவருடையதாகவும் அடிமனை கோயில், தர்ம சத்திரம், துறைமுகம் என்று வேறொருவருடையதாகவும் இருப்பது சகஜம். தலைமுறையாகப் பெயரளவு வாடகை கட்டிவந்த ரசீதுகள் எங்கோ ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கும். இன்னொன்று நகர்ப்புற நில உச்சவரம்பு. 1978-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 1999-இல் நீக்கப்பட்டது என்பதால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். அதற்கு முன்பே உபரி என்று அரசு கையகப்படுத்திய நிலம் திரும்பி வராது. தொழிலுக்காக விலக்குப் பெற்ற நிலமாக இருந்தால் அந்த விலக்கு ஆணையையும் அதன் நிபந்தனைகளையும் தேடி எடுங்கள்.

அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு காலத்தைத் தாரை வார்ப்பது

என் பார்வையில் இதுதான் ஆகப் பெரிய தவறு. குறைந்த விலைக்கு விற்றவர் ஒரு முறை வருந்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். தவறான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் விற்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் பல ஆண்டுகள் நீதிமன்ற வாசலில் நிற்பார்.

விலை ஏறிக்கொண்டிருக்கும் பகுதியில் ஒரு தரகரோ சிறு முதலீட்டாளரோ வந்து ஐந்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, "பதினொரு மாதத்தில் கிரயம்" என்று எழுதிக்கொள்கிறார். அவரிடம் முழுப்பணம் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. அந்தப் பதினொரு மாதத்தில் அதிக விலைக்கு இன்னொருவரைப் பிடித்து, அவர் பெயருக்கே நேரடியாகக் கிரயம் வாங்கித் தருவதுதான் திட்டம். விலை ஏறினால் லாபம் அவருக்கு. ஏறாவிட்டால் "வில்லங்கம் சரியில்லை" என்று சொல்லி அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார். நீங்கள் ஏறக்குறைய ஓர் ஆண்டு சந்தையை அவருக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பர் முதல் கட்டாயம். பதிவு செய்யாத தாள் செல்லாது, கிழித்துப் போட்டுவிடலாம் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். அது ஆபத்தான நினைப்பு. ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்கில் பதிவு செய்யப்படாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலேயே, சொல்லிவிட்டது. 2018-இல் திருத்தப்பட்ட சட்டமும் அப்படி நிறைவேற்றித் தரும்படி உத்தரவிடுவதையே பொதுவிதியாக்கியது. அவசரத்துக்கு நூறு ரூபாய்த் தாளில் போட்ட கையெழுத்து உங்கள் நிலத்தையே கட்டிப்போடலாம்.

ஆகவே ஒப்பந்தம் போட்டால் பதிவு செய்யுங்கள். கெடு மூன்று, நான்கு மாதம் போதும். கெடு முக்கிய நிபந்தனை என்றும், தவறினால் ஒப்பந்தம் எப்படி முடியும், அட்வான்ஸில் எவ்வளவு பிடித்துக்கொள்ளப்படும் என்றும் தெளிவாக எழுதுங்கள். அட்வான்ஸ் பெயரளவுக்கு இல்லாமல் விலையில் பத்து விழுக்காடாவது இருக்கட்டும். வகைப்பாடு மாற்றம் கிடைத்தால்தான் வாங்குவேன் என்று வாங்குபவர் கேட்டால் அதில் நியாயம் உண்டு, ஆனால் அந்தக் காத்திருப்புக்குத் தனி விலை கேளுங்கள். விண்ணப்பம் எந்தத் தேதிக்குள் தாக்கலாக வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் போடுங்கள். "அல்லது அவர் சொல்லும் நபருக்கு" என்ற வரி இருந்தால், தெரிந்தே ஒப்புக்கொள்கிறோமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

விற்காமல் கட்டுநருடன் கூட்டாகக் கட்டலாம் என்று தோன்றினால் அது தனிப் பேச்சு. இங்கே ஒன்று மட்டும்: முழு நிலத்தையும் விற்கும் அதிகாரத்தை முதல் நாளே பவரில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

வரியைக் கிரயத்துக்குப் பிறகு யோசிப்பது

ஆடிட்டரிடம் பத்திர நகலோடு போவது வழக்கம். விலை பேசும் முன் போக வேண்டும். குடோன் கட்டடத்துக்கு வியாபாரக் கணக்கில் தேய்மானம் எழுதியிருந்தால், எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் கட்டடத்தின் பங்குக்குக் கிடைக்கும் லாபம் குறுகிய கால லாபமாகவே கொள்ளப்படும். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது, அதன் லாபம் நீண்ட காலத்தது. ஆகவே நிலத்துக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்று ஆவணத்தில் நியாயமாகப் பிரித்துக் காட்டுவது வரியை மாற்றும்.

2024 ஜூலை 23 முதல் நீண்ட கால லாபத்துக்கு, வாங்கிய விலையை விலைவாசிக்கேற்ப உயர்த்திக் கணக்கிடும் குறியீட்டுச் சலுகை இல்லாமல் 12.5 விழுக்காடு வரி. அதற்கு முன் வாங்கிய நிலத்துக்குப் பழைய முறைப்படி குறியீட்டுடன் 20 விழுக்காடு என்று கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். இந்தத் தெரிவு இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டுமே. சொத்து கூட்டு நிறுவனத்தின் பெயரில் இருந்தாலோ, உடன்பிறந்தவர் அமெரிக்காவில் இருந்தாலோ அவர்களுக்குக் கிடையாது. 2001-க்கு முன் வாங்கிய நிலத்துக்கு 2001 ஏப்ரல் 1 தேதியின் மதிப்பை அடிப்படையாக எடுக்கலாம், ஆனால் பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயித்த அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மேல் போக முடியாது.

விலையைக் குறைத்துக் காட்டி மீதியைக் கையில் வாங்குவது பற்றியும் சொல்லியாக வேண்டும். வழிகாட்டி மதிப்பு ஆவண விலையைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் அதிகமாக இருந்தால், வழிகாட்டி மதிப்பையே விற்பனை விலையாக வைத்து உங்களுக்கு வரி போடுவார்கள். நிலத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கினால் அதே அளவு அபராதம் வரக்கூடும். அந்த அபராதம் பணம் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கியவருக்கு.

கட்டடத்தை மறந்துவிடுவது

நிலத்துக்குத்தான் விலை என்று ஆனதும் சிலர் உடனே இடித்துத் தரைமட்டமாக்கிவிடுகிறார்கள். பழைய குடோன்களில் பர்மா தேக்கு உத்தரங்களும் கனமான இரும்புச் சட்டங்களும் இருக்கும். மொத்தமாக இடிக்க எடுப்பவர் உங்களுக்குச் சிறு தொகை கொடுத்துவிட்டு அவற்றைத் தனித்தனியாக நல்ல விலைக்கு விற்பார். கிரயம் நெருங்கும் வரை கூரை இருக்கட்டும். திறந்த மனையாகக் கிடப்பதைவிட, பூட்டிய கட்டடம் ஆக்கிரமிப்பைத் தாங்கும்.

காவலுக்கு வைத்த குடும்பம் உள்ளேயே வசித்தால் அவர்களுடன் எழுத்தில் ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும். காவலாளிக்கு அனுபவ உரிமை வந்துவிடாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் அதை நிரூபித்து முடிக்கும் வரை எந்த வாங்குபவர் காத்திருப்பார்? பல ஆண்டு காத்த மனிதருக்கு நியாயமான தொகை கொடுத்து, வேறு வீடு பார்த்துக் கொடுத்து அனுப்புவது செலவு குறைந்த வழி, மரியாதையான வழியும்கூட.

உள்ளே என்ன சரக்கு இருந்தது என்பதும் முக்கியம். தோல், ரசாயனம், எண்ணெய் வைத்திருந்த இடமென்றால் மண்ணையும் கிணற்று நீரையும் நீங்களே பரிசோதித்து வைத்துக்கொள்ளுங்கள். 2013-இல் தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய்க் கசிவால் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த வட்டாரத்தில் வாங்குபவர் கேட்காமல் இருக்கமாட்டார். மாசடைந்த நிலங்களுக்கென்றே 2025-இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்து, மாசுபடுத்தியவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையைச் சுத்தியலால் உடைத்து இறக்க விடாதீர்கள், அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

மின் இணைப்பை எந்த மாதம் வரை வைத்திருப்பது, யார் பெயரில் முடிப்பது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். உயர் அழுத்த இணைப்பாக இருந்தால் ஒரு யூனிட் ஓடாவிட்டாலும் மாதக் கட்டணம் ஏறும். பழைய பாக்கியைப் புதிய உரிமையாளரிடமும் கேட்கலாம் என்பதால், பாக்கியில்லாச் சான்று கைக்கு வரும் வரை அவர் உங்கள் கடைசித் தவணையில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பார்.