கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை: வீட்டு விலங்குகளையும் தெரு விலங்குகளையும் காக்கும் முறைகள்

நவம்பர் 24 அன்று கோட்டாறு சவேரியார் திருவிழா தொடங்கியதுமே குமரி மாவட்டத்தில் பண்டிகைக் களை வந்துவிடுகிறது. டிசம்பர் 3 அன்று அது நிறைவடைந்த கையோடு வீடுகளில் ஸ்டார் தொங்கும், குடில் வேலை ஆரம்பிக்கும், சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழாவின் தேர் ஓடும், கிறிஸ்துமஸும் புத்தாண்டும் கடந்து பொங்கல் முடிந்த பிறகே ஊர் அடங்கும். ஏழு வாரங்களுக்கு மேல் நீளும் இந்தக் காலத்தில் வீட்டு நாயும் பூனையும், தொழுவத்து மாடும், தெருவில் திரியும் நாய்களும் படும் துன்பத்தில் பெரும்பகுதி நம்மால் தவிர்க்கக்கூடியதுதான். ஆனால் அதற்கான வேலைகளை டிசம்பர் 24 இரவில் தொடங்கினால் பயனில்லை. அன்று பெரும்பாலான கால்நடை மருந்தகங்கள் பூட்டியிருக்கும், கடைகளும் அடைத்திருக்கும், வீட்டிலும் யாருக்கும் கை ஓயாது. டிசம்பர் முதல் வாரமே இதற்குச் சரியான நேரம்.

அந்த வாரத்தில் நாயையும் பூனையையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி காலாவதியாகியிருக்கிறதா என்று பார்ப்பதோடு, வடகிழக்குப் பருவமழையில் தேங்கும் நீரால் எலிக்காய்ச்சல் பரவும் பருவம் இது என்பதால் நாய்க்கு அதற்கான தடுப்பூசி போடப்பட்டதா என்பதையும் கேட்டறியுங்கள். விடுமுறை நாள்களில் தொலைபேசியில் கிடைக்கக்கூடிய மருத்துவர் யார் என்று அப்போதே விசாரித்து, எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். கால்நடை அவசர ஊர்திக்கான கட்டணமில்லா எண் 1962. அதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். நாயின் கழுத்துப்பட்டையில் உங்கள் கைப்பேசி எண்ணை அழியாத மையால் எழுதியோ, தகட்டில் பொறித்தோ மாட்டுங்கள். அதிகச் செலவில்லாத இந்த ஒரு காரியம், தொலைந்த நாயை வீடு சேர்ப்பதில் பெரிதும் உதவும்.

வெடிச் சத்தமே இந்தக் காலத்தின் பெரிய துன்பம். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும். நாய் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரையும், பூனை அதற்கும் மேலாகவும் கேட்கும். நமக்கு எட்டாத மெல்லிய ஒலிகளும் அவற்றின் காதில் விழும். அடுத்த தெருவில் போடும் ஒற்றை வெடிக்கு நாம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். நாயோ அதே நொடியில் காதை மடக்கி, வாலைக் கால்களுக்கிடையே செருகி, எச்சில் ஒழுக, கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும். சத்தம் எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்று அதற்குத் தெரியாது. அதுதான் அச்சத்தைப் பெருக்குகிறது.

ஆகவே வீட்டின் உள்ளறை ஒன்றை, முடிந்தால் தெருப்பக்கம் சன்னல் இல்லாத அறையை, இரண்டு வாரம் முன்பே நாய்க்குப் பழக்குங்கள். பழைய போர்வையை விரித்து, அது விரும்பும் தீனியை அங்கேயே வைத்து, தானாக உள்ளே போய்ப் படுக்கும்படி செய்துவிட்டால், வெடி போடும் இரவில் அதை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்காது. வெடிச் சத்தப் பதிவுகளைக் கைப்பேசியில் மிகக் குறைந்த ஒலியில் ஓடவிட்டு, அந்நேரத்தில் தீனி கொடுத்து, நாள்தோறும் ஒலியைச் சிறிது சிறிதாக உயர்த்துவதும் பல நாய்களுக்குப் பலனளிக்கிறது. நாய் நடுங்கத் தொடங்கினால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிட வேண்டும், பொறுமையின்றி ஒலியைக் கூட்டினால் அச்சம் முன்பைவிட மோசமாகிவிடும். 24, 31 ஆகிய தேதிகளில் பொழுது சாய்வதற்கு முன்பே நடக்கக் கூட்டிப்போய்வந்து, சாப்பாட்டையும் முன்கூட்டியே கொடுத்து, அறையில் மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் ஓடவிடுங்கள். நடுச்சாமத் திருப்பலிக்கோ ஆராதனைக்கோ வீடே கிளம்பும்போது, அஞ்சும் நாய் இருக்கும் வீட்டில் ஒருவராவது தங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயந்து ஒட்டிக்கொள்ளும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடிவிடும் என்று சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். உங்கள் கை அதற்கு ஆறுதல்தான்.

நாயை வீட்டுக்குள் விடும் வழக்கமில்லாத குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அந்த இரவுகளில் சங்கிலியில் கட்டிவிட்டுப் போகாதீர்கள். வெடி கேட்டு மிரண்ட நாய் மதிலைத் தாண்டப் பாயும், சங்கிலி மதிலுக்கு அந்தப்பக்கம் எட்டாது, கழுத்து இறுகித் தொங்கும். விறகுப்புரையோ, குளியலறையோ, கதவு உள்ள எந்த இடமும் சங்கிலியைவிட மேல். மிக அதிகமாக அஞ்சும் நாய்க்கு மருத்துவர் மாத்திரை எழுதித் தருவார். அதைப் பண்டிகைக்கு முன்பே ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது ஆபத்து. சில மயக்க மருந்துகள் உடலை அசையவிடாமல் செய்யுமே தவிர அச்சத்தைக் குறைப்பதில்லை. வெளியில் அமைதியாகத் தெரியும் நாய் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும்.

பூனையைத் தேடிப் பிடித்து மடியில் வைக்க வேண்டாம். அலமாரியின் மேல்தட்டில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டால் அதுவே தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். கூண்டுப் பறவைகளை உள்ளறைக்கு மாற்றி, காற்று போகும்படி துணியால் மூடுங்கள். தொழுவமும் வைக்கோல் போரும் இருக்கும் வீட்டில் தீயையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வாணவெடியின் பொறி வைக்கோலில் விழுந்தால், கட்டிய மாடு என்ன செய்யும்? அந்த இரவுகளில் கயிற்றை ஒரே இழுப்பில் அவிழும்படி கட்டுங்கள், தண்ணீர் நிரப்பிய வாளிகளைத் தொழுவத்தருகே வையுங்கள்.

வெடியை அடியோடு நிறுத்துவது ஒரு வீட்டால் ஆகிற காரியமல்ல. ஆனால் நேரத்தையும் இடத்தையும் ஒழுங்குபடுத்த ஊரால் முடியும். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இரவு 11.55 முதல் 12.30 வரை மட்டுமே வெடி போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் அளித்த தீர்ப்பு கூறுகிறது. அன்பியக் கூட்டத்திலோ (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் குழு) சபைக் கமிட்டியிலோ இதை எடுத்துச் சொல்லி, முக்குக்கு முக்கு வெடிப்பதற்குப் பதிலாக ஆலய மைதானத்தில் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் போடுமாறு கேளுங்கள். நேரம் தெரிந்துவிட்டால் நாய் வளர்ப்பவர்கள் ஆயத்தமாகிவிடலாம். நல்ல முறையில் கேட்டால் குடில் அமைக்கும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள். சுசீந்திரம், தேரூர், வேம்பனூர் குளங்களின் கரையில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. 2022-இல் ராம்சார் ஈரநிலங்களாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்ட இக்குளங்களில் வலசை வந்த பறவைகள் தங்கியிருப்பது இந்த மாதங்களில்தான். வெடிக்கு மிரண்டு இருட்டில் எழும்பும் பறவை மின்கம்பியில் மோதக்கூடும்.

அடுத்தது சாப்பாடு. பிளம் கேக்கில் ரம்மில் ஊறிய உலர்திராட்சை இருக்கிறது. திராட்சை, பச்சையோ உலர்ந்ததோ, நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. எந்த நாய்க்கு எவ்வளவு ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் ஒரு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது. வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகளில் சாக்லேட் நிறைந்திருக்கும். 50 கிராம் கருஞ்சாக்லேட்டில் தியோபுரோமின் என்ற பொருள் ஏறத்தாழ 250 மில்லிகிராம் இருக்கும். 5 கிலோ எடையுள்ள பொமரேனியன் அதைத் தின்றால் கிலோவுக்கு 50 மில்லிகிராம், அதாவது இதயத் துடிப்பையே தடுமாறவைக்கும் அளவு, உடலில் சேர்ந்துவிடும். பெட்டியைப் பிரித்துத் தரையில் வைத்துவிட்டு விருந்தாளியோடு பேசப்போகும் அந்தப் பத்து நிமிடம்தான் ஆபத்தான நேரம். சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இதைவிடக் கொடியது. பிரியாணியில் கிடக்கும் வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கும். வெந்த கோழியெலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும். ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த பச்சை மாவை நாய் தின்றால் அது வயிற்றுக்குள் பொங்கிப் பருத்து, சாராயத்தையும் உண்டாக்கும் என்பதால் மாவுப் பாத்திரத்தை உயரத்தில் மூடி வையுங்கள். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் நஞ்சல்ல என்றாலும், கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. பண்டிகையன்று நாய்க்கும் ஏதாவது சிறப்பாகத் தர மனம் விரும்பினால், உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியை எலும்பு நீக்கிக் கொடுங்கள்.

ஆகாததைத் தின்றுவிட்டது தெரிந்தால், உப்புநீரைப் புகட்டி வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். அது தனி ஆபத்து. என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, விலங்கின் எடை என்ன என்ற நான்கு விவரங்களோடு உடனே மருத்துவரை அழையுங்கள். வலிக்கும் காய்ச்சலுக்கும் நாம் போடும் பாராசிட்டமால் பூனைக்கு உயிரைப் பறிக்கும் நஞ்சு என்பதையும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

மாடு, ஆடுகளுக்கு ஆபத்து வேறு வடிவில் வருகிறது. விருந்தில் மிஞ்சிய சோற்றையும் பாயசத்தையும் வீணாக்க மனமின்றி அண்டாவோடு மாட்டுக்கு வைப்பது நம்மிடையே நல்லெண்ணத்தோடு நடக்கும் தவறு. பழக்கமில்லாத மாடு சோற்றை நிறையத் தின்றால் அதன் வயிற்றில் அமிலம் பெருகி, அசைபோடுவது நின்று, ஓரிரு நாளில் உயிரே போகக்கூடும். பொங்கலன்று ஊட்டுவதும் ஒரு கைப்பிடியோடு நிற்கட்டும். மரச்சீனி (மரவள்ளி) தோலையும் இலையையும் பச்சையாகப் போடாதீர்கள், அவற்றில் சயனைடு நஞ்சு உண்டு. தோவாளைப் பூச்சந்தையிலிருந்து வரும் மாலைகளில் அரளியும் இருக்கும். அரளி வாடிய பிறகும் நஞ்சுதான். விழா முடிந்ததும் மாலைகளைச் சாலையோரத்தில் வீசினால், அவ்வழியே மேயும் ஆடு அதைத் தின்று இதயம் நின்று சாகும். கட்டி எறியும் பிளாஸ்டிக் பைகளைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும்.

குடிலையும் மரத்தையும் அலங்கரிக்கும்போது பூனையை நினைத்துக்கொள்ளுங்கள். மினுங்கும் ஜிகினா இழையைப் பூனை விளையாட்டாக மென்று விழுங்கும். அதன் ஒருமுனை நாக்கின் அடியில் சிக்கி, மறுமுனை குடலுக்குள் இறங்கினால், குடல் சுருங்கிக் கிழியும். வாயிலோ பின்புறத்திலோ இழை தொங்குவதைக் கண்டால் இழுக்கவே கூடாது, அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஜிகினாவுக்குப் பதில் காகிதத் தோரணம் போதும். மரமாக வைக்கும் சவுக்குக் கிளையை மணல்வாளியில் நடுவதோடு நில்லாமல் சன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள். சீரியல் விளக்கின் வயரை நாய்க்குட்டி கடிக்கும், படுக்கப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பூங்கொத்தில் லில்லி இருந்தால் பூனை வளர்க்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவரவே வேண்டாம். அதன் மகரந்தம் ரோமத்தில் பட்டு, பூனை அதை நக்கினாலே சிறுநீரகம் பழுதாகும்.

கேரல் குழுவினர் ட்ரம் அடித்துக்கொண்டு கிறிஸ்துமஸ் தாத்தாவோடு வரும் இரவுகளில் நாயை முன்னதாகவே உள்ளறையில் விட்டுவிடுங்கள். முகமூடி அணிந்த ஆளைக் கண்டு மிரளும் நாய் கடித்தால் குற்றம் நாயுடையதல்ல. உறவினர் வந்துபோகும் நாள்களில் கேட் திறந்தே கிடக்கும். கேட்டை அடைக்கும் பொறுப்பை வீட்டுப் பெரிய பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

குழந்தைக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக நாய்க்குட்டி வாங்குவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். தாயைப் பிரிந்து வரும் குட்டிக்கு அமைதியும் ஒழுங்கான நேரமும் வேண்டும். இந்த வாரங்களில் எந்த வீட்டிலும் அவை இருப்பதில்லை. தடுப்பூசி முழுமையாகாத குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து, உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் பிழைப்பது அரிது. ஆசையிருந்தால் பள்ளி திறந்த பிறகு, எட்டு வாரம் நிறைந்த குட்டியை, இயன்றால் தெருவில் பிறந்த ஒன்றை, எடுத்து வளருங்கள்.

வெளியூர் செல்வதானால், தெரிந்த ஒருவரை நாள்தோறும் இருவேளை வந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். நான்கு நாள் தீனியைக் குவித்துவைத்துவிட்டுக் கட்டிப்போட்டுச் செல்வது கொடுமை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியது இந்தப் பருவத்தில்தான் என்பதை மறக்க வேண்டாம், புயல் வந்தால் கட்டிக்கிடக்கும் நாயால் தப்பியோட முடியாது.

சுற்றுலாக் கூட்டமும் ஐயப்ப பக்தர்களின் வாகனங்களும் பெருகுவதால் தெருநாய்கள் அடிபடுவது கூடுகிறது. அடிபட்ட நாயைக் கண்டால் முதலில் 1962-ஐ அழையுங்கள். வலியில் எந்த நாயும் கடிக்கும் என்பதால், மெல்லிய துவர்த்தால் (துண்டால்) வாயைத் தளர்வாகக் கட்டிய பிறகே தொடுங்கள். மூச்சுத் திணறினாலும் வாந்தி எடுத்தாலும் கட்டக் கூடாது. சாக்கையோ போர்வையையோ பக்கத்தில் விரித்து, அதன்மேல் மெல்ல நகர்த்தி, இருவராகத் தூக்குங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வெடியால் தீப்புண் ஏற்பட்டிருந்தால் குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடமாவது மெதுவாக ஊற்றுங்கள். பற்பசையும் மஞ்சளும் பூசாதீர்கள். உங்களைக் கடித்தோ கீறியோ விட்டால், சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள்.

புத்தாண்டுக் காலையில் கதவைத் திறந்து விலங்குகளை வெளியே விடுவதற்கு முன் முற்றத்தையும் தெருவையும் பெருக்குங்கள். எரிந்த மத்தாப்புக் கம்பி, வெடிக்காத வெடி, வெடிமருந்துத் தாள், கோழியெலும்பு எல்லாம் அங்கே கிடக்கும். வெடிக்காதவற்றைத் தண்ணீர் வாளியில் நன்றாக ஊறவைத்து, தனிப் பையில் கட்டி, இன்னதென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். நாயின் பாதங்களில் கம்பிக் கீறலோ தீப்புண்ணோ உண்டா என்று விரல் இடுக்குவரை விரித்துப் பாருங்கள். ஒருநாள் முழுதும் சாப்பிடாமலிருந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ அடுத்த நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.