ஒய்.பி.யிடம் மனு கொண்டு செல்வது எப்படி? பினாங்கின் விவசாயிகளுக்கும் குடியிருப்பாளர்களுக்கும் ஒரு வழிகாட்டி

தென் செபராங் பிறையில் உள்ள ஒரு சேவை மையத்தில், வார இறுதி நாள்களில் மக்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். என் மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மூன்று காரியங்களுக்காக வருகிறார்கள்: ஆட்டுக் கொட்டகைக்கோ காய்கறித் தோட்டத்துக்கோ அரசாங்க உதவி வேண்டும்; இருட்டாகக் கிடக்கும் சாலைக்கு விளக்கு வேண்டும், திருட்டு நிற்க வேண்டும்; கோயில், மண்டபம், பள்ளிக்கூடப் பாதை போன்ற பொதுக் காரியங்களுக்குப் பணம் வேண்டும். இந்த மூன்றுமே ஒய்.பி. என்று நாம் அழைக்கும் மக்கள் பிரதிநிதி செய்து கொடுக்கக்கூடிய வேலையோடு தொடர்புடையவைதாம். ஆனால் நான் பார்த்த மனுக்களில் பாதிக்கு மேல் தவறான கதவைத் தட்டியதாலோ, முக்கியமான ஒரு தாள் இல்லாததாலோ, வரவு செலவுக் கணக்கு முடிந்த பிறகு வந்ததாலோ கிடப்பில் போயின. அந்த நிலை உங்கள் மனுவுக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எந்த ஒய்.பி., எந்த அதிகாரம்

நம் மக்கள் நாடாளுமன்ற உறுப்பினரையும் ஒய்.பி. என்கிறார்கள், சட்டமன்ற உறுப்பினரையும் ஒய்.பி. என்கிறார்கள். மரியாதைக்கு அது சரி. மனுவுக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். பினாங்கில் 40 சட்டமன்றத் தொகுதிகளும் 13 நாடாளுமன்றத் தொகுதிகளும் உள்ளன. நீங்கள் எந்தத் தொகுதியின் வாக்காளர் என்பதைத் தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வீடு மாறியும் முகவரியை மாற்றாமல் இருப்பவர்களின் பெயர் பழைய தொகுதியிலேயே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கூட்டரசு அரசியலமைப்பின் 9ஆம் அட்டவணை எந்த அரசாங்கத்துக்கு எந்த அதிகாரம் என்பதைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. நிலம், விவசாயம், ஊராட்சி ஆகியவை மாநிலத்தைச் சேர்ந்தவை. போலீசும் உள்நாட்டுப் பாதுகாப்பும் கூட்டரசைச் சேர்ந்தவை. கால்நடை வளர்ப்பு, வடிகால், நீர்ப்பாசனம், சமூக நலன் ஆகியவை இரண்டுக்கும் பொதுவானவை. எனவே நில உரிமம், மாநகர் மன்றம், சாலைவிளக்கு தொடர்பான மனுவைச் சட்டமன்ற உறுப்பினரிடம் முதலில் கொண்டு செல்லுங்கள். போலீஸ் நிலையத்தில் ஆள் பற்றாக்குறை, நெல்லுக்கான கூட்டரசு மானியம், அக்ரோ பேங்க் கடன் தொடர்பான மனு என்றால் நாடாளுமன்ற உறுப்பினரிடம் செல்லுங்கள். இரண்டிலும் கால் வைக்கும் காரியமாக இருந்தால் ஒருவருக்கு எழுதி மற்றவருக்கு நகல் அனுப்புங்கள்.

மாநகர் மன்றத்தைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். தீவுப் பகுதியின் மன்றம் 2015லும் செபராங் பிறை மன்றம் 2019லும் மாநகர் தகுதி பெற்றன. ஆனால் அந்த மன்ற உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டன, 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தோடு முற்றாக இல்லாமல் போயின. மன்ற உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசாங்கமே. நாம் வாக்களிக்காத ஒரு மன்றத்தில் நம் குரல் கேட்க வேண்டுமானால், வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினர் வழியாகத்தான் அது போக வேண்டும் என்பது என் கருத்து.

விவசாய உதவி: நிலத்தின் தாளை முதலில் எடுங்கள்

விவசாய உதவி கேட்டு வருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். ஆடு எத்தனை, மாடு எத்தனை என்பதெல்லாம் பிறகு.

நம்மவர்களில் பலர் அரசாங்க நிலத்தில் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமத்தோடு பயிர் செய்கிறார்கள். சிலர் அதுவும் இல்லாமல் இருக்கிறார்கள். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி இந்த உரிமம் கொடுக்கப்பட்ட ஆண்டின் இறுதிவரைதான் செல்லும். ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. இன்னும் முக்கியமாக, உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் உரிமமும் அத்துடன் முடிந்துவிடுகிறது. சொத்துபோல அது பிள்ளைகளுக்கு வந்து சேராது.

ஒருமுறை ஓர் அண்ணன், தம் அப்பா காலத்து ரசீதுகளை மைலோ டின் ஒன்றில் போட்டுக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் நான்காக மடிக்கப்பட்டு, மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டப்பட்டிருந்தது. அப்பா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் பிறகும் அண்ணன் அதே நிலத்தில் கத்தரியும் வெண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். உதவிக்கு விண்ணப்பித்தபோதெல்லாம் அப்பாவின் உரிம எண்ணையே எழுதி வந்திருந்தார். மூன்று முறை விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. காரணம் என்னவென்று அந்த அலுவலகம் அவருக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. இறந்தவர் பெயரில் உள்ள உரிமம் செல்லாது என்பதை அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. அந்த மாலையில் நாங்கள் எழுதியது உதவி மனுவே அன்று. அண்ணன் பெயரில் புதிய உரிமம் கேட்டு மாவட்ட நில அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம், அதற்கு ஆதரவு கேட்டுச் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம். பழைய ரசீதுகள் அத்தனையையும் நகல் எடுத்து, அந்தக் குடும்பம் அங்கே எத்தனை காலமாக உழைத்து வருகிறது என்பதற்கு ஆதாரமாகச் சேர்த்தோம்.

இந்த இடத்தில் ஒய்.பி.யால் என்ன முடியும், என்ன முடியாது என்பதைத் தெரிந்து கேட்பது நல்லது. நிலத்தைக் கொடுக்கும்படி அவர் உத்தரவிட முடியாது. அந்த முடிவு மாநில அதிகாரத்துக்கும் நில நிர்வாகிக்கும் உரியது. ஆதரவுக் கடிதம் கொடுக்கலாம், மாவட்ட அதிகாரியைச் சந்திக்க உங்களுக்கு நேரம் வாங்கித் தரலாம், விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்கலாம், தேவைப்பட்டால் சட்டமன்றத்தில் கேள்வியாக எழுப்பலாம். கேட்கும்போது இவற்றில் ஒன்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "எப்படியாவது உதவி செய்யுங்கள் ஐயா" என்று முடியும் கடிதத்தை வைத்துக்கொண்டு அவருடைய உதவியாளர் என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பில் வைத்துவிடுவார்.

நிலத்தின் தாள் சரியானதும் அடுத்த வேலைகள் எளிது. உங்கள் வட்டார விவசாயிகள் கழகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். பல உதவிகள் அந்தக் கழகங்கள் வழியாகவே வருகின்றன. ஆடு, மாடு வளர்ப்பவர்கள் கால்நடைச் சேவைத் துறையில் தங்கள் பண்ணையைப் பதிவு செய்ய வேண்டும். மானியம் வேறு, கடன் வேறு என்பதில் தெளிவாக இருங்கள். அக்ரோ பேங்க் தருவது கடன். இந்தியச் சமூகத் தொழில்முனைவோருக்காக அரசாங்கக் கடன் நிறுவனமான தெக்குன் நடத்தும் ஸ்பூமி திட்டமும் கடனே. திருப்பிக் கட்ட வேண்டும். இதைச் சொல்லாமல் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்து வாங்குகிற இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

வட செபராங் பிறையின் நெல் வயல்களைப் பற்றிய காரியம் என்றால் அது கூட்டரசின் பக்கம் போகும். நெல்லுக்கான குறைந்தபட்சக் கொள்முதல் விலை ஒரு டன்னுக்கு 1,300 ரிங்கிட்டிலிருந்து 1,500 ரிங்கிட்டாக 2025இல் உயர்த்தப்பட்டது கூட்டரசு எடுத்த முடிவு. அப்படிப்பட்ட கோரிக்கையை நாம் தனியாக எழுதுவதைவிட, பக்கத்து வயலின் மலாய்க்காரர்களோடும் சீனர்களோடும் சேர்ந்து எழுதுவதே பலன் தரும். வாய்க்கால் தண்ணீர் எல்லார் வயலுக்கும் ஒரே மதகு வழியாகத்தான் வருகிறது.

பாதுகாப்பு: புகார் எண் இல்லாத மனு நிற்காது

ஆடு திருடு போனாலும், மோட்டார் சைக்கிள் காணாமல் போனாலும், கழுத்துச் சங்கிலி பறிபோனாலும், முதலில் போலீஸ் நிலையத்தில் புகார் செய்யுங்கள். "போய் என்ன ஆகப்போகிறது" என்று இருந்துவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் புகார் இல்லாத குற்றம் போலீசின் கணக்கில் நடக்காத குற்றம். ரோந்து போதவில்லை என்று நாடாளுமன்ற உறுப்பினர் உள்துறை அமைச்சரிடம் கேட்கும்போது, பதில் அந்தக் கணக்கிலிருந்துதான் வரும். ஒரு வட்டாரத்தில் பத்துத் திருட்டு நடந்து இரண்டு புகார் மட்டும் இருந்தால், அமைச்சர் இரண்டு என்றுதான் சொல்வார்; அதில் அவர் தவறு ஒன்றும் இல்லை. மனுவில் ஒவ்வொரு புகாரின் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள்.

சாலைவிளக்கு என்றால் அந்தச் சாலை யாருடையது என்பதைக் கண்டுபிடியுங்கள். மாநகர் மன்றச் சாலையா, பொதுப்பணித் துறையின் சாலையா, பழைய தோட்டத்தின் தனியார் சாலையா என்பதைப் பொறுத்து கடிதத்தின் முகவரி மாறும். தோட்டச் சாலை என்றால் நில உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் மன்றம் அங்கே தூண் நட முடியாது.

அக்கம்பக்கத்தார் ரோந்துக்கு ருக்குன் தெத்தாங்கா இருக்கிறது. 1975இல் தொடங்கிய இந்த அமைப்புக்கு 2012இல் தனிச் சட்டமே வந்தது. உங்கள் பகுதியில் இல்லையென்றால் ஒற்றுமைத் துறையிடம் கேட்டு அமைக்கலாம். ரோந்து போகிறவர்கள் போலீஸ் அல்லர் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. சந்தேகத்துக்குரிய ஆளைக் கண்டால் 999ஐ அழையுங்கள்.

கடிதம் எழுதும் முறை

மலாய் மொழியில் எழுதுங்கள். ஒய்.பி.க்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் அந்தக் கடிதம் அவரிடமிருந்து இலாகாக்களுக்குப் போக வேண்டும். அங்கே மலாயில் இருந்தால்தான் நகரும். தமிழில் யோசித்து, தமிழில் வரைவு எழுதி, பிறகு பள்ளியில் படிக்கும் பிள்ளையை விட்டு மொழிபெயர்த்தாலும் போதும். ஒரு கடிதத்தில் ஒரே கோரிக்கை, ஒரே பக்கம். கால்வாயையும் விளக்கையும் கோயில் கூரையையும் ஒன்றாகக் கலந்து எழுதிய கடிதம் மூன்று இலாகாக்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும்.

"எங்கள் பகுதியில் பாதுகாப்பே இல்லை, இரவில் பெண்கள் நடமாட முடியவில்லை" என்று தொடங்கினால் படிப்பவருக்கு இரக்கம் வரும், வேலை வராது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "பள்ளியின் பின்வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரையுள்ள சாலையில் ஏழு விளக்குத் தூண்களில் நான்கு எரியவில்லை. தூண்களில் எழுதியிருக்கும் எண்களை இணைத்துள்ளோம். கடந்த மூன்று மாதங்களில் இங்கு நடந்த இரண்டு வழிப்பறிகளின் புகார் எண்களும் இணைக்கப்பட்டுள்ளன. நான்கு விளக்குகளையும் பழுது பார்க்கும்படி மாநகர் மன்றத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம்." இதைப் படிக்கிற உதவியாளர் உடனே தொலைபேசியை எடுக்கலாம்.

அந்தப் பகுதியில் உண்மையாகக் குடியிருப்பவர்களின் கையெழுத்துகளை மட்டும் வாங்குங்கள். இருபது உண்மையான கையெழுத்து, இருநூறு வெளியூர்க் கையெழுத்தைவிட மேல். அடையாள அட்டை நகல் இணைக்க வேண்டியிருந்தால், நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு எந்த மனுவுக்கானது என்று எழுதிக் கொடுங்கள். கடிதத்தைக் கொடுக்கும்போது உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது, எப்போது கேட்க வேண்டும்

கூட்டரசின் வரவு செலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் தாக்கல் ஆகிறது. பினாங்கின் மாநில வரவு செலவுத் திட்டம் பெரும்பாலும் அதற்குப் பின், நவம்பரில். அந்தக் கணக்குகளை இலாகாக்கள் பல மாதங்களுக்கு முன்பே போடத் தொடங்கிவிடும். பாலம், வடிகால், சமூக மண்டபம் போன்ற பெரிய செலவுகளை ஜூன், ஜூலைக்குள் ஒய்.பி.யிடம் சேர்த்துவிடுங்கள். தீபாவளிக்கு முன்தினம் கொண்டுவந்து கொடுத்தால், அது அடுத்த ஆண்டின் கணக்கிலும் ஏறாது.

சிறிய செலவுகளுக்கு உறுப்பினருக்கென்று ஓர் ஒதுக்கீடு உண்டு. அது அவருடைய சட்டைப்பையில் இருக்கும் பணம் அன்று. அரசாங்க அலுவலகம் வழியாக, ரசீதோடு, முறையான அமைப்புகளுக்குப் போகும் பொதுப்பணம். எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கு ஆளுங்கட்சியினருக்குக் கிடைக்கும் அளவு ஒதுக்கீடு நெடுங்காலமாகக் கிடைத்ததில்லை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும், உங்கள் ஒய்.பி. எதிர்க்கட்சிக்காரர் என்றால் பணம் கேட்பதைவிடக் கேள்வி எழுப்பச் சொல்வதே பயன் தரும். ஆலய நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் இதற்கு விண்ணப்பிக்குமுன் சங்கப் பதிவு நடப்பில் இருக்கிறதா, வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரிலேயே இருக்கிறதா, ஆண்டுக் கூட்டக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தலைவரின் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்து நல்ல காரியம் ஒன்று கைநழுவிப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேள்வி எழுப்பும் அதிகாரத்தை நம் மக்கள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. ஒய்.பி.க்கு விஷயத்தை மட்டும் சொல்லாமல், கேள்வியையே எழுதிக் கொடுங்கள்: "தென் செபராங் பிறையில் தற்காலிக உரிமம் கேட்டு வந்த விவசாய விண்ணப்பங்கள் எத்தனை, அங்கீகரிக்கப்பட்டவை எத்தனை, நிலுவையில் உள்ளவை எத்தனை, எந்தக் காரணங்களால்?" வாய்மொழிக் கேள்விக்கு நேரம் போதாமல் போவதுண்டு, எண்ணிக்கை கேட்கும் கேள்விகளை எழுத்து மூலப் பதிலுக்குக் கொடுப்பது நல்லது. அந்தப் பதில் அவைக் குறிப்பில் ஏறிவிடும். பிறகு அதை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

கொடுத்த பிறகு

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் தேதி, யாரிடம் கொடுத்தோம், என்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். மூன்று, நான்கு வாரங்களில் சேவை மையத்தை அழைத்து முத்திரைத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். "பரிசீலிக்கப்படும்" என்று மட்டும் பதில் வந்தால், எந்தத் தேதிக்குள் முடிவு தெரியும் என்று கேட்டு மறுகடிதம் எழுதுங்கள். வேலை நடந்தால் நன்றிக் கடிதம் எழுதுவதும் இதன் பகுதியே. அதற்கு முன் இரவு எட்டு மணிக்கு அந்தச் சாலையில் நடந்து போய், எத்தனை தூண் எரிகிறது, எத்தனை இன்னும் எரியவில்லை என்று எண்ணிப் பாருங்கள். எரியாத தூண்களின் எண்களை அந்த நன்றிக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதுங்கள்.