சங்கத் தொழிலாளிகளின் பாட்டு, கைநேர்த்தி, கதைகள்: பதிவு செய்வது எப்படி

தொழிற்சங்க வரலாறு என்று எழுதி வைத்திருப்பதைப் புரட்டினால் தேதி, தீர்மானம், ஒப்பந்தம், தலைவர்கள் பெயர் எல்லாம் இருக்கும். மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே பழுது எங்கே என்று சொல்கிற ஆள், கேட் மீட்டிங்கில் நின்ற இடத்திலேயே பாட்டுக் கட்டுகிற ஆள், புதுசாகச் சேர்ந்த பையனை “இடதுகை ஸ்க்ரூடிரைவர் வாங்கிட்டு வா” என்று ஸ்டோருக்கு அனுப்பி அலையவிட்ட கதை, இதெல்லாம் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறுவதில்லை. ஓய்வு பெறுகிறவர்களோடு சேர்ந்து போய்விடுகிறது. உங்கள் கிளையில் ஒரு போனும் பொறுமையும் உள்ள இரண்டு பேர் இருந்தால் போதும், இதைத் தொடங்கிவிடலாம்.

முதலில் ஒன்று: பாட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். “பழைய பாட்டு ஏதாவது தெரியுமா” என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் தெரியாது என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் அவர்கள் அதைப் பாட்டு என்றே நினைத்திருக்க மாட்டார்கள், அது வேலையோடு வேலையாக வாயில் வந்தது. அவர் கையாண்ட கருவியைக் கேளுங்கள். முடிந்தால் அதையே கையில் கொடுங்கள். எப்படிப் பிடிப்பீர்கள், முதல் நாள் யார் சொல்லிக் கொடுத்தார், எங்கே கை வழுக்கும், பாரம் தூக்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்க யார் குரல் கொடுப்பார்? இந்தக் கடைசிக் கேள்வியில் பாட்டு தானாக வந்துவிடும்.

இந்த வேலைக்கு முன்னோடி என்று ஆர்ச்சி கிரீனைச் சொல்லலாம். 1917இல் பிறந்தவர், சான் பிரான்சிஸ்கோவில் கப்பல் தச்சராக உழைத்த சங்கத்துக்காரர், பிறகுதான் ஆய்வாளரானார். தொழிலாளிகளின் பேச்சு, பாட்டு, கைவேலை, கேலி எல்லாவற்றையும் ஒரே வழக்காறாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். நாட்டார் வாழ்வியலைக் காக்க அமெரிக்காவில் 1976இல் ஒரு சட்டம் வந்ததற்கு அவர் விடாமல் கதவைத் தட்டியது ஒரு முக்கியக் காரணம். தொழில் தெரிந்தவர் கேட்கிற கேள்வியே வேறு மாதிரி இருக்கும், அதனால் உங்கள் குழுவில் அதே தொழிலில் இருக்கிற ஒருவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைநேர்த்தியைப் பதிவு செய்யும்போது முகத்தை விட்டுவிட்டுக் கையைப் படம் பிடியுங்கள். முதலில் வழக்கமான வேகத்தில், அப்புறம் மெதுவாக, மூன்றாவது தடவை அவரே விளக்கிக்கொண்டு செய்யட்டும். சத்தம் அதிகமான இடங்களில் பேச்சுக்குப் பதில் வேறு மொழியே உருவாகியிருக்கும். இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளில் தறிச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்பதால் பெண்கள் உதட்டசைவைப் பெரிதாக்கிப் பேசிக்கொண்டார்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மர அறுவை ஆலைகளில் ஒரு முழுச் சைகை மொழியே இருந்தது, வேலைக்கான குறிப்போடு தொடங்கி அரட்டை வரை அதில் போனது. உங்கள் இடத்திலும் சூப்பர்வைசர் வருகிறார் என்பதற்கு ஒரு சைகை நிச்சயம் இருக்கும், அதைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்போடு பத்து சைகை வெளிவரும்.

பாட்டுக்கு வருவோம். வேலைப் பாட்டும் போராட்டப் பாட்டும் வேறு வேறு. பாய்மரக் கப்பல்களில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பதில் பாடும்போது குறிப்பிட்ட சொல்லில் கயிற்றை இழுப்பார்கள். அமெரிக்காவின் தென்பகுதியில் தண்டவாளத்தை நெம்பி நேராக்கிய கறுப்பினத் தொழிலாளிகளின் பாட்டும் அப்படித்தான், கடப்பாரை எந்த அசையில் விழுகிறதோ அங்கேதான் பாட்டின் உயிர். ஆகவே இந்த வகைப் பாட்டை எழுதும்போது இழுப்பு எங்கே, அடி எங்கே, மூச்சு எங்கே என்று ஒவ்வொரு வரியிலும் குறியுங்கள். நாற்காலியில் உட்காரவைத்துப் பாடச் சொல்லாதீர்கள், வேகம் மாறிவிடும். வெறுங்கையாலாவது அந்த வேலையைச் செய்துகொண்டே பாடட்டும்.

போராட்டப் பாட்டில் கேட்க வேண்டியது மெட்டு. பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டு அல்லது பக்திப் பாட்டு மெட்டில்தான் புது வரியை ஏற்றியிருப்பார்கள், கூட்டம் உடனே சேர்ந்து பாட அதுதான் வசதி. அமெரிக்காவில் தொடங்கிய உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கம் (IWW) 1909இல் வெளியிட்ட சின்னச் சிவப்புப் பாட்டுப் புத்தகம் இந்த உத்தியால்தான் பரவியது. அந்தச் சங்கத்தின் பாட்டுக்காரர், 1915இல் அமெரிக்காவின் யூட்டாவில் மரண தண்டனையாகச் சுட்டுக்கொல்லப்பட்ட ஜோ ஹில், தேவாலயப் பாடல்களின் மெட்டிலேயே தன் பாட்டுகளில் சிலவற்றை எழுதினார். 1912இல் மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரத்து ஜவுளித் தொழிலாளிகள் பல நாடுகளிலிருந்து வந்து பல மொழி பேசியவர்கள், அந்த வேலைநிறுத்தத்தில் அவர்களைச் சேர்த்துக் கட்டியதில் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. எனவே எந்த மெட்டு, எந்தப் போராட்டம், முதலில் யார் பாடினார், எந்த வரியில் கூட்டம் கத்தியது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கைகளைக் கேட்கும்போது கவனம் தேவை. “இதை நம்புகிறீர்களா” என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். “வேலையிடத்தில் என்ன செய்யக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள்” என்று கேளுங்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கத்துக்காரர்கள் பாறைக்குள் தட்டும் சத்தம் கேட்டால் அது சுரங்கத்தில் வாழும் குட்டி மனிதர்களின் வேலை என்றார்கள். பாறை சரிவதற்கு முன் கேட்கிற சத்தம்தான் அது என்றால், உயிரைக் காப்பாற்றும் அறிவு அந்தக் கதைக்குள் இருக்கிறது. விபத்துக் கதைகளை ஒருபோதும் குறுக்கிடாமல் கேளுங்கள், அழுதால் பதிவை நிறுத்துங்கள்.

ஆபாச வரி, முதலாளியைத் திட்டும் வரி, கருங்காலிகளைப் பற்றிய வரி எதையும் நாகரிகம் பார்த்து வெட்டாதீர்கள். அதே சமயம் யாருக்கும் வேலை போகும்படி எதையும் வெளியிடாதீர்கள். இன்னும் வேலையில் இருப்பவர் என்றால் பெயரைப் போடலாமா, குரலைப் போடலாமா என்று தனித்தனியாகக் கேட்டு, அவர் சம்மதத்தைப் பதிவிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

தொழில்நுட்பம் சுலபம். மின்விசிறியை அணையுங்கள், போனை அவர் மார்புக்கு அருகில் வையுங்கள், முடிந்தால் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) வடிவத்தில் சேமியுங்கள். கோப்பின் பெயரில் தேதி, தொழில், ஊர் இருக்கட்டும். இரண்டு வெவ்வேறு சாதனங்களில் ஒவ்வொரு பிரதி, வேறொரு இடத்தில் மூன்றாவது. அன்று இரவே கேட்டு, புரியாத தொழிற்சொற்களைப் பட்டியல் போடுங்கள், ஒரு வாரம் போனால் எதைக் கேட்க நினைத்தோம் என்பதே மறந்துவிடும்.

எழுதி முடித்ததைக் கிளைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். “அந்த வரி அப்படி இல்லை” என்று இரண்டு பேர் நிச்சயம் சண்டைக்கு வருவார்கள். யார் சரி என்று முடிவு செய்யாமல் இரண்டு வடிவத்தையும் அவரவர் பெயரோடு எழுதி, பாடியவர் வீட்டுக்கு ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.